மலை எரிவதற்கு முன் கேட்க வேண்டியவை

தோட்டங்களில் அனர்த்தக் குழுக்களில் புதிதாகச் சேரும் தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுகிறேன். குழுவின் வேலை என்ன என்று கேட்டால், நெருப்பை அணைப்பது என்றுதான் பலரும் சொல்வார்கள். அணைக்கத் தெரிந்தவர்கள் நம் தோட்டங்களில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பச்சைக் கொப்பை முறித்துக்கொண்டு புகைக்குள் ஓடியவர்களின் பிள்ளைகள் நாம். நம்மிடம் இல்லாதது வேறொன்று. மலை எரிந்து ஓய்ந்ததும், "எரிவதற்கு முன் இந்தச் சரிவு யாருடைய பொறுப்பில் இருந்தது? அவர் என்ன செய்திருந்தார்?" என்று அரசாங்கத்திடம் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என்று எந்தப் பக்கத்து மலையை எடுத்தாலும் இதே கதைதான். அந்தப் பழக்கத்தை நீங்கள் உண்டாக்க வேண்டும் என்பதற்காகவே கீழே உள்ளவற்றைச் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் மலையைப் படியுங்கள்.

ஹட்டன், நுவரெலியா பக்கம் நெருப்புக் காலம் ஜனவரியில் தொடங்கி மார்ச் வரை நீளும். ஊவாப் பக்கம் அது ஜூலைக்குப் பிறகு, தென்மேற்குக் காற்று மழையை இந்தப் பக்கம் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் மாதங்களில் வரும். நானுஓயாவில் இருப்பவருக்கும் பண்டாரவளையில் இருப்பவருக்கும் ஒரே நாட்காட்டி பொருந்தாது. கொழும்பிலிருந்து வரும் சுற்றறிக்கை இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் உறைபனி விழும். அது கொழுந்தைக் கருக்குவது நமக்குத் தெரியும். அதே பனி புல்லையும் கருக்கிப் போடுகிறது. அடுத்த இரண்டு வாரம் வெயில் அடித்தால் அந்தப் புல் ஒரு தீக்குச்சிக்குக் காத்திருக்கும். மானாப்புல் இன்னும் மோசம். பைனஸ் காட்டுக்குள் கீழே கிடக்கும் ஊசிச் சருகு எளிதில் மக்குவதில்லை, மழை நின்ற சில நாட்களிலேயே காய்ந்துவிடும். 1970களிலும் 80களிலும் மலைச்சரிவுகளைப் பச்சையாக்க அரசே நட்ட மரம் இது.

இன்னொன்றை மனதில் வையுங்கள். சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 30 பாகைச் சரிவில் அது சமதரையைப் போல எட்டு மடங்கு. நம் மலைகளில் 30 பாகை அபூர்வமில்லை. சமதரையில் இருப்பவர்கள் எழுதிய திட்டத்தை அப்படியே இங்கே ஒட்ட முடியாததற்கு இந்த ஒரு கணக்குப் போதும்.

பராமரிக்கப்படும் தேயிலை மலை இலேசில் எரியாது. கைவிட்ட மலை எரியும். செடி உயர்ந்து மரமாகி, இடையில் மானாவும் கொடியும் மண்டிய மலைகள் உங்கள் தோட்டத்தில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஆள் இல்லை, இலாபம் இல்லை என்று விடப்பட்ட ஒவ்வொரு மலையும் காட்டுக்கும் லயத்துக்கும் நடுவே நெருப்புக்குப் போட்ட பாலமாக நிற்கிறது. இது தோட்ட நிர்வாகத்தின் பொருளாதாரப் பிரச்சினையாக மட்டும் பேசப்படுகிறது. தீ அபாயமாகவும் அது எழுதப்பட வேண்டும்.

2. "இனந்தெரியாதோர்" என்ற சொல்லோடு விசாரணையை முடிக்க விடாதீர்கள்.

நம் நாட்டில் காட்டுத்தீ ஏறக்குறைய எல்லாமே மனிதர் மூட்டியது. மின்னலால் பற்றியது மிக அரிது. மாட்டுக்கு இளம்புல் துளிர்க்க வைக்கும் நெருப்பு, மிருகத்தை வெளியே விரட்ட வேட்டைக்காரன் வைக்கும் நெருப்பு, மரக்கறிக்கு நிலம் திறக்க வைக்கும் நெருப்பு, குப்பை எரித்தது தாவிப் போனது, கூடாரம் அடித்தவர்கள் அணைக்காமல் விட்ட அடுப்பு என்று காரணங்கள் பல. மலையேறும் யாத்திரிகர் கூட்டத்தையும் கணக்கில் எடுங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை போகிறது. ஹட்டன், நுவரெலியா பக்கத்து வறட்சி முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

காரணம் தெரிந்தால்தான் பரிகாரம் யாரிடம் என்பது தெரியும். புல்லுக்காக வைத்த நெருப்பென்றால் கால்நடைத் திணைக்களம் தீவனத்துக்கு என்ன வழி செய்தது என்று கேட்க வேண்டும். குப்பையென்றால் பிரதேச சபை. கூடாரமென்றால் அனுமதி கொடுத்தவர். "இனந்தெரியாதோர்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அடுத்த பெப்ரவரியிலும் அதே மலை எரியும். நெருப்பு வைத்தவரைப் பிடித்து அடிப்பதும் உங்கள் வேலையில்லை. அது பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. ஏன் வைத்தார் என்பதை எழுதி வைப்பது உங்கள் வேலை.

3. பொறுப்பு வரைபடம் ஒன்று வரையுங்கள்.

இத்தனை அறிவுரையில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஒரு பெரிய தாளில் உங்கள் டிவிசனையும் சுற்றியுள்ள மலைகளையும் வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு துண்டிலும் அது யாருடையது என்று எழுதுங்கள். தேயிலை மலை கம்பனியிடம் இருக்கும். 1992இல் நிர்வாகம் கைமாறியபோது கம்பனிக்குப் போகாத தோட்டமென்றால் ஜனவசம அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம். மேலே உள்ள காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குரியது. ஹோர்ட்டன் சமவெளியோ ஹக்கலையோ என்றால் வனசீவராசிகள் திணைக்களம். மின்கம்பிக்குக் கீழே உள்ள நிலத்தில் மின்சார நிறுவனத்துக்கு வேலை உண்டு. தண்டவாளத்தின் இருபக்கமும் ரயில்வே. வேறு துண்டுகள் காணி சீர்திருத்த ஆணைக்குழுவிடமோ பிரதேச செயலாளரிடமோ இருக்கும்.

வரைந்து முடித்ததும் பாருங்கள், எவர் பெயரையும் எழுத முடியாத கீற்றுகள் சில மிஞ்சும். தேயிலை முடிந்து காடு தொடங்காத இடம், ஓடைக்கரை, பழைய ரோட்டோரம். கம்பனியிடம் கேட்டால் காட்டிலாகா என்பார்கள். காட்டிலாகாவிடம் கேட்டால் தோட்டம் என்பார்கள். நெருப்பு பெரும்பாலும் அங்கேதான் பற்றி, அங்கிருந்துதான் இரண்டு பக்கமும் போகிறது. அரசாங்கத்தின் தீ முகாமைத்துவத்தை மீளாய்வு செய்வது என்று நான் சொல்வதெல்லாம், அந்தக் கீற்றுக்கு ஒரு பெயரை எழுத வைப்பதுதான்.

தோட்டத்துக்குள் நமக்கு இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, பிரதேச சபைகள் தோட்டக் குடியிருப்புக்குள் தம் நிதியைச் செலவிடத் தடை இருந்தது. வரி எல்லைக்குள் இருந்தோம், வாக்கும் போட்டோம், லயத்துக்கு வரும் பாதையைத் திருத்தச் சபைக்கு உரிமை இல்லை. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் இரண்டும் ஆறாகப் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், அக்கரப்பத்தனை, கொட்டகலைச் சபைகள் வந்தன. ஆகவே "தோட்டத்துக்குள் எங்களால் எதுவும் செய்ய முடியாது" என்று இன்றைக்கும் ஒரு சபை சொன்னால், சட்டம் மாறிவிட்டது என்பதைப் பணிவாக எடுத்துக் காட்டுங்கள்.

4. திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. ஜனாதிபதி தலைமையில் தேசிய பேரவை, அதன் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டச் செயலகங்களில் அதன் பிரிவுகள் என்று ஒரு படிக்கட்டு கட்டப்பட்டிருக்கிறது. உங்கள் பிரதேசத்துக்கான திட்டத்தைப் பாருங்கள். மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் பக்கங்கள் இருக்கும். இருக்கத்தான் வேண்டும், நம்மை அதிகம் கொன்றது மண்தான். காட்டுத்தீக்குத் தனிப் பக்கம் உண்டா? உண்டென்றால் அதில் செயலுக்கு நேராக ஒரு பதவியின் பெயர், ஒரு திகதி, ஒரு தொகை மூன்றும் இருக்கின்றனவா? "சம்பந்தப்பட்ட நிறுவனங்கள் ஒருங்கிணைந்து செயற்படும்" என்ற வாக்கியத்தைக் கண்டால் அடிக்கோடு போடுங்கள். அங்கே யாருக்கும் வேலை கொடுக்கப்படவில்லை.

5. மழை பெய்யும்போது கூட்டம் கூட்டுங்கள்.

மார்ச்சில் கூட்டினால் கோபம் மட்டுமே பேசும். தீத்தடுப்புப் பட்டி செதுக்குவது, பைனஸ் சருகு வாருவது, ரோட்டோரப் புல் வெட்டுவது எல்லாம் ஹட்டன், நுவரெலியா பக்கம் டிசம்பருக்குள் முடிய வேண்டிய வேலைகள். அதற்கான பணம் அதற்கு முந்திய வரவு செலவில் ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும்.

6. எதை எண்ணுவது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எரிந்த ஏக்கரையும் பறந்த ஹெலிகொப்டரையும் செய்தி எண்ணும். விமானப்படையின் பெல் 212 தொங்கும் வாளியில் நீர்த்தேக்கத்துத் தண்ணீரை அள்ளி மலைமேல் ஊற்றுவதைக் கண்டு எல்லோருக்கும் ஆறுதல் வரும். அந்த விமானிகளின் துணிவை மதிக்கிறேன். ஆனால் வாளி வர வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் பல காரியங்கள் நடக்கவில்லை என்றே பொருள். நீங்கள் அந்தக் காரியங்களை எண்ணுங்கள். டிசம்பர் 31இல் எத்தனை கிலோமீற்றர் தடுப்புப் பட்டி மண் தெரியச் செதுக்கப்பட்டிருந்தது? முதல் புகையைக் கண்ட நேரம் என்ன, முதல் ஆள் போய்ச் சேர்ந்த நேரம் என்ன? தண்ணீர் பவுசர் வந்து திரும்ப இடமிருந்ததா? பீலியில் தண்ணீர் இருந்ததா?

செய்மதியை மட்டும் நம்பிவிடாதீர்கள். தீப்புள்ளிகளைக் காட்டும் இலவச வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். அவற்றில் நுட்பமானதே 375 மீற்றர் சதுரத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கிறது. நாளுக்குச் சில முறை மட்டும் கடந்து போகிறது. முகில் மூடினால் பார்வையும் போயிற்று. காலையில் பிரட்டுக்குப் போகும் பெண் அண்ணாந்து பார்க்கும்போது தெரியும் புகை அதைவிட முந்திய தகவல். அவர் யாருக்குச் சொல்வது, எந்த எண்ணுக்கு, எந்த மொழியில் என்பது முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும்.

எண்ண வேண்டியவற்றில் மனிதரை மறவாதீர்கள். தோட்டத்து மலை பற்றினால் அணைக்க அனுப்பப்படுவது தொழிலாளியைத்தான். சப்பாத்து இல்லாமல், முகத்துக்கு ஈரத் துணிகூட இல்லாமல், மண்வெட்டியோடும் கத்தியோடும் போகிறார்கள். அந்த நாளுக்கு அவர்களுக்குப் பெயர் விழுந்ததா? சுட்டுக்கொண்டால் மருந்துச் செலவு யாருடையது? பயிற்சி என்று ஒன்று எப்போதாவது கொடுக்கப்பட்டதா? மருந்தடிக்கும் முதுகுத் தாங்கிகளில் சிலவற்றை நன்றாகக் கழுவித் தண்ணீருக்கென்று ஒதுக்கி வைத்தாலே முதல் அரை மணி நேரத்தில் பெரிய உதவி. இவற்றை ஒரு மீளாய்வு கேட்கவில்லை என்றால், நம் ஆட்களை அந்த மீளாய்வு ஆட்களாகவே பார்க்கவில்லை என்று சொல்வேன்.

7. எச்சரிக்கை கொடுத்தோம் என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. எச்சரிக்கை இருந்தது. மாறிப் போவதற்கு வீடும் நிலமும் இருக்கவில்லை. எச்சரித்தவர் தம் கடமை முடிந்தது என்றார், எச்சரிக்கப்பட்டவர்மேல் பழி விழுந்தது. தீயிலும் இதுவே நடக்கும். "வறட்சி நிலவுகிறது, தீ மூட்ட வேண்டாம்" என்று ஓர் அறிவித்தல் விட்டுவிட்டால் போதும் என்று ஓர் அலுவலகம் நினைக்கலாம். அந்த அறிவித்தல் தமிழில் வந்ததா, லயத்துக்கு எட்டியதா, மாட்டுக்காரருக்கு வேறு வழி காட்டியதா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

8. மற்ற நாடுகள் தம்மைத் தாமே விசாரித்த விதத்தைப் படியுங்கள்.

அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1939 ஜனவரியில் பெருந்தீயில் 71 பேர் இறந்தார்கள். நீதிபதி ஸ்ட்ரெட்டன் விசாரித்தார். தீயை வைத்தது மனிதக் கைதான் என்று அரசின் முகத்துக்கு நேரே எழுதினார். ஆனாலும் நாட்டுப்புறத் தீயணைப்பை ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவர, 1944இல் இன்னொரு தீயும் இன்னொரு விசாரணையும் தேவைப்பட்டன. அமைப்பு 1945இல்தான் பிறந்தது. அதே மாநிலத்தில் 2009 பெப்ரவரி 7இல் 173 பேர் மாண்டார்கள். அரச ஆணைக்குழு அடுத்த ஆண்டு 67 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதன் பிறகு அவர்கள் செய்த ஒரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பரிந்துரைகள் நிறைவேறுகின்றனவா என்று பார்த்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க, முன்னாள் பொலிஸ் தலைவர் நீல் கொம்ரியைச் சுயாதீனக் கண்காணிப்பாளராக நியமித்தார்கள். அறிக்கை எழுதியவர் ஒருவர், செய்ய வேண்டியவர் இன்னொருவர், செய்தாரா என்று பார்ப்பவர் மூன்றாமவர். 2020இல் தேசிய அளவில் மறுபடி ஓர் ஆணைக்குழு வைத்து 80 பரிந்துரைகள் எழுதினார்கள். விசாரித்துவிட்டதால் தீ நின்றுவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எது செய்யப்படவில்லை என்பது பொதுமக்கள் படிக்கும் தாளில் இருக்கிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் தேனி மாவட்டத்துக் குரங்கணி. 2018 மார்ச் 11இல் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்வெளிச் சரிவில் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். தமிழக அரசு தன் மூத்த அதிகாரி அதுல்ய மிஸ்ராவை விசாரிக்க நியமித்தது. அதே ஆண்டு மலையேற்றத்துக்கு ஒழுங்குவிதிகளும் வந்தன. நம் மலைகளிலும் இப்போது வார இறுதி தோறும் கூடாரங்கள் முளைக்கின்றன. யார் எத்தனை பேர் மேலே போனார்கள் என்ற பதிவு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரியுங்கள். ஒரு குரங்கணி இங்கே நடந்த பிறகு விதி எழுதுவது பிணங்களுக்கு உதவாது.

9. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகம், பிரதேச சபை, வனப் பாதுகாப்புத் திணைக்களம் எல்லாவற்றிலும் தகவல் அலுவலர் இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலர், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எதற்காகக் கேட்கிறாய் என்று அவர்கள் உங்களிடம் காரணம் கேட்க முடியாது.

கேள்வியைச் சிறிதாகக் கேளுங்கள். "காட்டுத்தீயைத் தடுக்க என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று கேட்டால் ஒரு பக்கம் நல்ல வசனம் வரும். "சென்ற ஆண்டு இன்ன கிராம உத்தியோகத்தர் பிரிவில் தடுப்புப் பட்டி செதுக்கச் செலவிட்ட தொகை எவ்வளவு? எந்தத் திகதியில் வேலை முடிந்தது?" என்று கேட்டால் ஓர் எண்ணும் ஒரு திகதியும் வரும், அல்லது ஒன்றும் வராது. இரண்டுமே சான்றுதான். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. சிங்களத்தில் வந்த பதிலைப் படிக்க ஆள் தேடி அலைந்து ஒரு மாதத்தை இழந்த குழுவை எனக்குத் தெரியும்.

10. அதிகாரிகளோடு பகை வேண்டாம்.

ஒரு வன பீட் அதிகாரி பார்த்துக்கொள்ள வேண்டிய பரப்பையும் அவரிடம் உள்ள ஆட்களையும் வாகனத்தையும் கேட்டால் அவர்மேல் இரக்கம் வரும். அவருக்குக் கொடுக்கப்படாதது என்ன என்பதும் மீளாய்வில் எழுதப்பட வேண்டும். தோட்டத் துரையிடமும் அப்படியே, மரியாதையாக, எழுத்தில். தொழிற்சங்கத் தலைவர்களை முன்னால் வைத்துப் போங்கள். ஆனால் கூட்டக் குறிப்பை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

11. லயத்துத் தீயையும் இதே கோப்பில் சேருங்கள்.

காட்டுத்தீ பற்றிப் பேசும்போது இதை வெளியே தள்ளுவார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், நடுவே நெருப்பை மறிக்கும் சுவர் கூரை வரை போகாது. பழைய வயர், விறகடுப்பு, தகரம். ஓர் அறையில் பற்றினால் வரிசை முழுவதும் வெளியே நிற்கும். மலைக்கு வர வேண்டிய தீயணைப்பு வண்டியும் லயத்துக்கு வர வேண்டிய வண்டியும் ஒன்றுதான், அது ஓட வேண்டிய குழிப்பாதையும் ஒன்றுதான். நகரத்திலிருந்து உங்கள் டிவிசனுக்கு அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று வாகனத்தில் போய் அளந்து எழுதுங்கள்.

12. உயிரை வைத்து விளையாடாதீர்கள்.

தீக்கு மேலே ஒருபோதும் நிற்காதீர்கள். பள்ளத்தாக்கின் ஒடுங்கிய தலைப்பகுதிக்குள் போகாதீர்கள். தப்பிப் போகும் வழியைப் பார்க்காமல் கொப்பை முறிக்காதீர்கள். பகலில் காற்று மலையேறும், இரவில் இறங்கும், மாறும் நேரம் ஆபத்தானது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை அனுப்பாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் பொலிசின் 119க்கும் சொல்லிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

13. அணைந்த பிறகு ஆறு மாதம் அந்த மலையைக் கவனியுங்கள்.

வேர் கருகிய சரிவில் சித்திரை மாதத்து இடிமழை விழுந்தால் மண் ஓடும். காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலை என்று நாட்டுக்கு மின்சாரம் தரும் நீர்த்தேக்கங்களுக்குள்தான் அந்த மண் போய்ச் சேர்கிறது. நம் பீலிகள் கலங்கும், பிறகு வற்றும். எரிந்த சரிவுக்குக் கீழே லயம் இருந்தால், மழை தொடங்கும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும் என்று பிரதேச செயலாளருக்கு எழுதுங்கள். தீக்கு ஒரு கோப்பு, மண்சரிவுக்கு ஒரு கோப்பு என்று அலுவலகத்தில் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டச் சொல்லுங்கள்.

தம்பி தங்கச்சிமாரே, இத்தனையையும் ஒரே ஆண்டில் செய்ய முடியாது. இந்த ஆண்டு இரண்டு மட்டும் செய்யுங்கள். பொறுப்பு வரைபடத்தை வரையுங்கள். பெயர் எழுத முடியாத கீற்றுகளின் பட்டியலை நவம்பர் மாதம் முடிவதற்குள் பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைக் கம்பனிக்கும் வனப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் கொடுங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். ஜனவரியில் அந்தக் கீற்றில் புல் வெட்டப்படவில்லை என்றால், அடுத்த கடிதத்தில் முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.